தட்டைக் கம்பி

டொலீடோ நகரத்துக் கண்ணாடித் தொழிற்சாலையில்
கீறல் பார்ப்பது என் வேலை.
பட்டையில் நகர்ந்து வரும் ஒவ்வொரு சில்லையும்
விளக்கடியில் சாய்த்து
மயிரிழை தெரிந்தால் தள்ளிவிடுவேன்.
வாரத்தில் ஐந்து நாள், எட்டு எட்டு மணி நேரம்.
ஞாயிற்றுக்கிழமை
கீறுவது நானாக இருந்தேன்.

பாஸ்டர் கண்மூடி,
அந்த வாரம் இறந்தவர்களின் பெயர்களை
மெல்லச் சொல்லிக்கொண்டிருப்பார்.
மூன்றாம் மெட்டிலிருந்து ஐந்தாம் மெட்டுக்கு
என் பேஸ் கிட்டாரில் விரல் நகரும்.
கிரீச்.
எலி, எலி என்று
முன்வரிசைப் பிள்ளைகள் வாயைப் பொத்துவார்கள்.

என்னிடம் இருந்தது உருண்டைக் கம்பி.
பூதக்கண்ணாடியில் பார்த்தால் திருகாணியின் புரி.
பளிச்சென்று பேசும், நெடுநேரம் பேசும்.
எனக்கும் பிடித்துத்தான் இருந்தது,
பொய் சொல்வானேன்.

தட்டைக் கம்பியில் சுற்றியிருப்பது நாடா.
தடவினால் கத்தியின் முதுகு.
ஐம்பத்திரண்டு டாலர்; விலை கையைக் கடித்தது.
"பத்து வருஷம் மாற்ற வேண்டாம்" என்றார்
கடைக்கார ஹதாத்,
"வயசானவர்கள் எல்லாரும் இதற்குத்தான் வந்து சேர்கிறார்கள்."
எனக்கு நாற்பத்தொன்று என்றேன்.
சில்லறையை எண்ணிக்கொண்டே
அதுதான் சொல்கிறேன் என்றார்.

சனி இரவு, நடீனுக்கு ஆஸ்பத்திரியில் டூட்டி.
சமையல் மேசையில் மாட்டினேன்.
கம்பி முனையில் சிவப்புப் பட்டு நூல்.
முறுக்க முறுக்கக் கழுத்து வில்லாய் வளைந்தது.
உள்தண்டைக் கால் திருகு முடுக்கி
காபி குடித்து
இன்னொரு கால் திருகு.

அப்புறம் ஸ்பாஞ்ச்.
பாத்திரம் தேய்ப்பது சரிவரவில்லை.
தோட்டத்தில் களை பிடுங்க நடீன் முழங்காலுக்குப் போடும்
மெத்தையின் ஓரத்தை வெட்டினேன்.
இரண்டு விரல் கனம்:
மாவு மூட்டையைக் குத்தியதுபோல் இருந்தது.
ஒரு விரல்:
தடித்த கம்பி மட்டும் மூச்சடைத்துக் கிடந்தது.
அது படியும் இடத்தில் கத்தரிக்கோலால்
ஒரு பள்ளம் தோண்டி
கம்பிகளுக்கடியில், பாலத்தை ஒட்டிச் செருகினேன்.

தொம்.
சாப்பிட்டதும் எழுந்து கைகழுவி
செருப்பு மாட்டும் விருந்தாளி மாதிரி
போய்விட்டது.

திருமதி க்ளாடெட் ப்ரூயிட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
ஆர்கன் வாசிக்கிறார்.
பதினொரு வருஷமாக எங்களுக்குள்
பேச்சு உண்டு, சமாதானம் இல்லை.
இடது காலணியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு
காலுறையோடு பெடலில் இறங்குவார்.
கீழ்ச்சுரம் அவருடையது. என்னுடையதும்.
நான் விட்ட சுரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே
அவர் அதன்மேல் மிதிப்பார்.
நான் ஒலியைக் கூட்டுவேன். அவரும்.
ஜன்னல்கள் அதிரும்,
தொழில்முறையில் எனக்கே கவலையாக இருக்கும்.

அந்த ஞாயிறு யாரும் எதுவும் சொல்லவில்லை.
ட்ரம்ஸ் ஓடெல் மட்டும் ஒருமுறை திரும்பி
ஆம்ப்ளிஃபயரில் விளக்கு எரிகிறதா என்று பார்த்தான்.
ஜெபத்தின்போது மூன்றிலிருந்து ஐந்துக்குப் போனேன்.
ரேடியேட்டர் சீறியது கேட்டது,
தெருவில் பனி வழிக்கும் வண்டி கேட்டது,
லூசில் ஹாபர்ட் என்ற பெயர்
முழுதாகக் கேட்டது.

மூன்றாவது பாட்டு, இரண்டாம் சரணம்.
ப்ரூயிட்டின் வலது கை விசையில் இருக்க
இடது கை கீழே போய்த் துழாவியது.
கைக்குட்டை விழுந்திருக்கும் என்று நினைத்தேன்.
காலணியை எடுத்தார்.
மாட்டினார்.
வாரைப் போட்டுவிட்டு
கையை மேலே கொண்டுவந்தார்.

நான் தப்பாக வாசித்தேன், இரண்டு இடத்தில்.

அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.
குளிர் விட்டு, ஏப்ரலில் ஒரு காலை
களை பிடுங்கப் போன நடீன்
மெத்தையும் கையுமாகத் திரும்பி வந்து
வாசலில் நின்று கேட்டாள்:
"இதை எந்த எலி கடித்தது?"