ஃபியூஸ் பிடுங்கிய வீடு

எட்டேகாலுக்கு ஸ்டேஷன் லேண்ட்லைன் அடித்தது.
"பம்பாய்ப் போலீசு எம்பட காசப் புடுங்கிட்டாங்க"
என்றது ஒரு குரல்.
பேர் அர்த்தநாரி. பரமத்தி வேலூர்.
மின்வாரியத்தில் லைன்மேன், ஓய்வு.
கணக்கு நம்பர் சொல்லுங்க என்றேன்.
அந்த முனையில் மூச்சு நின்றது.
"அவனுங்களும் மொதல்ல இதத்தான் கேட்டானுங்க."
வைத்துவிட்டார்.

திரும்ப அழைத்தேன்.
மணி அடிக்குமுன்
அரசாங்கம் பதிவு செய்த குரல் என் காதிலேயே எச்சரித்தது:
போலீஸ் என்று சொல்லி யார் கூப்பிட்டாலும் நம்பாதீர்கள்.
அவர் நம்பவில்லை.
மூன்று முறை வெட்டினார்.

பணம் அப்படியெல்லாம் காத்திருக்காது.
ஒரு மணி நேரத்தில் நாலு வங்கி தாவும்,
ஒன்று முப்பதாகச் சிதறும்,
விடியுமுன் பேர் தெரியாத ஊரின் ஏடிஎம்மில்
கத்தையாக வெளியே வரும்.
எஸ்.ஐ. கோர்ட் வேலை முடிந்து சேலத்திலிருந்து பஸ்ஸில்.
ஜீப் திருவிழா பந்தோபஸ்தில்.
என் ஸ்கூட்டியில் போனேன் இருபது கிலோமீட்டர்,
முட்டை லாரிகளுக்குப் பின்னால்.

தெரு முழுக்க வெளிச்சம்.
அவர் வீடு மட்டும் கருப்பு.
காலிங்பெல் செத்திருந்தது.
ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக் கையிலேயே வைத்திருந்தார்.

இரண்டு பகல் ஒரு ராத்திரி
மகன் விட்டுப்போன லேப்டாப் முன்னால்
அசையக்கூடாது என்று உட்காரவைத்திருந்தார்கள்.
கக்கூசுக்கும் அனுமதி கேட்க வேண்டும்.
திரையில் தேசியக்கொடி, சிங்கத் தலைகள்,
மடிப்புக் கலையாத காக்கி.
பதினாலு லட்சமும் போன பிறகுதான்
முப்பது வருசம் கம்பத்தில் ஏறிய கை
அவரைக் கேட்காமலே மெயின் போர்டுக்குப் போயிருக்கிறது.

ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து டார்ச், என் அடையாள அட்டைமேல்.
"அவன் கார்டு இதவிடப் பளபளன்னு இருந்துச்சு."
இன்ஸ்பெக்டர்கிட்ட பேசறீங்களாங்க?
"அதுவும் பேச வெச்சானுங்க."
சரிங்க. நீங்களே ஒன்னு ஒம்பது மூனு சைபருக்குப் போடுங்க.
நான் ஒன்னும் கேக்கல.
இங்கியே நிக்கறன்.

நின்றேன்.
கொசு. கொடிக்கால் பக்கமிருந்து வெற்றிலை ஈரம்.
உள்ளே இருட்டில் அவர்
சென்னையில் யாரோ ஒரு பெண்ணிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தார்
ஆதார், கணக்கு, தேதி, நேரம், மூன்று பரிமாற்ற எண்கள்.
நான் கேட்டிருக்க வேண்டிய அதே வரிசை.
அவர்களும் அதே வரிசையில்தான் கேட்டிருப்பார்கள்.
டார்ச் மங்கியபோது என் போன் வெளிச்சத்தை
ஜன்னலில் வைத்துப் பிடித்தேன்.
வேண்டாம் என்று சொல்லவில்லை.
கதவு மட்டும் கடைசிவரை திறக்கவில்லை.

இருபது நாள் கழித்து நாமக்கல் வந்தார்.
சுவரின் ஓதம், கை உடைந்த நாற்காலி,
பாதிப் பக்கம் மட்டும் அச்சடிக்கும் பிரிண்டர்,
எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு
"இப்பத்தானுங்க அம்மணி நம்பிக்கை வருது" என்றார்.

நிறுத்த முடிந்தது இரண்டு லட்சத்துப் பதினோராயிரம்.
அதை அவர் கையில் கொடுக்கவும் கோர்ட் உத்தரவு வேண்டும்.
மிச்சத்துக்கு மூன்று மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறோம்.
ஒன்றிலிருந்து மட்டும் வந்தது பதில்:
கடிதம் கிடைத்தது.

வெளி பெஞ்சில் ஒரு பையன், பத்தொன்பது வயது.
சம்மனுக்கு வந்தவன்.
தலைமுடியில் தறிப் பஞ்சு.
நாலாயிரத்துக்குப் பாஸ்புக்கும் சிம்மும் கொடுத்தவன்.
யாரிடம் கொடுத்தான் என்பது அவனுக்கே தெரியாது.
நான் சொல்லவில்லை. எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்.

"எந்தூரு?"
"பள்ளிபாளையங்க. ஆவாரங்காட்டுக்கு அக்கட்டால."
கொஞ்ச நேரம் அவனையே பார்த்தார்.
"அங்க கம்பி இழுத்ததே நாந்தான்.
தொண்ணூத்தெட்டுல. ஒருக்கா கம்பத்துலருந்து உளுந்தங்கூட."
பையனுக்குச் சிரிப்பதா கூடாதா என்று தெரியவில்லை.
எனக்கும்.

வாக்குமூலம் ஏழு பக்கம்.
ஸ்டேப்ளரில் பின் தீர்ந்திருந்தது.
துளை போட்டு நூலில் கோத்தேன்.