ஆடிக்குள்

ஜாபர் மூடியைக் கழற்றியதும்
முதலில் விழுந்தது ஒரு பல்லி முட்டை ஓடு.
அப்புறம் பஞ்சு.
அம்மாபேட்டையில் எதைத் திறந்தாலும் உள்ளே பஞ்சிருக்கும்:
டிவி, மிக்ஸி, சில பேருக்கு நெஞ்சு.

"இதுக்கு வயசு பதினொண்ணுக்கா" என்றான்,
சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்கிறவன் மாதிரி.
தட்டுவடை செட் கட்டி வந்த தாளிலேயே கணக்கெழுதினான்.
புதுசு நாற்பத்தெட்டாயிரம், மானிட்டர் தனி.
பழசுக்கே எஸ்.எஸ்.டி., எட்டு ஜி.பி. ராம், பேஸ்ட்,
சுத்தம் செய்கிற கூலி
எல்லாம் சேர்த்து ஐயாயிரத்து இருநூறு.
"ஆனா போர்டு போச்சுன்னா எல்லாம் போச்சு.
நான் கேரண்டி சொல்ல மாட்டேன்."
எண்ணெய்க் கறை மெல்லப் பரவி
நாற்பத்தெட்டை மூடியது.
சகுனம் என்று எடுத்துக்கொள்ள ஆசைதான்.

ஆடி பிறக்க ஒன்பது நாள்.
கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டிவிட்டால்
தெருவுக்கு மூன்று ஃப்ளெக்ஸ்,
ஒவ்வொன்றிலும் நாற்பது முகம்,
ஒவ்வொரு முகமும்
பக்கத்து முகத்தைவிட ஒரு விரற்கடை பெரிதாக வேண்டும்.
அந்த நாற்பதைச் சுமக்கும்போதுதான் இது நிற்கும்.
எழுபத்து மூன்று சதவீதத்தில்.
எப்போதும் எழுபத்து மூன்றில்.

மாசியில் ஒரு காலை
பொன்னம்மாபேட்டைப் பையன் ஒருவன் ஓடி வந்தான்.
கண்ணீர் அஞ்சலி, ஆறுக்கு நாலு.
"பேர் அர்த்தநாரி, வயசு அறுபத்தி நாலு,
சீக்கிரம்க்கா, பதினோரு மணிக்கு எடுக்கறாங்க."
எழுபத்து மூன்று.
மேஜைக்கு அடியில் காலால் ஒரு தட்டு தட்டினேன்.
விசிறி மட்டும் கத்தியது.
அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான்.
உட்கார்ந்த பிறகுதான்
தன் முழங்கால் ஆடுவதைப் பார்த்தான்.
அப்புறம் சொன்னான், என்னிடம் அல்ல, திரையிடம்:
அறுபத்தி நாலு இல்ல, அறுபத்தி ரெண்டு.
ரேஷன் கார்டுல ரெண்டு கூடப் போட்டுட்டாங்க.
அந்த ரெண்டு வருசம் கவர்மெண்டு எனக்குத் தரணும்னு
அப்பா சொல்லிட்டே இருப்பாரு.

மாற்றினேன்.
மறுபடி பூஜ்யத்திலிருந்து.

இதை வைத்துப் பழசே போதுமென்று
நீங்கள் முடிவு கட்டிவிட வேண்டாம்.
அதே எழுபத்து மூன்றில் ஒரு கல்யாண பேனர் போய்
முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.
பெண்ணின் தாய்மாமன் அன்று பேசியதை
எந்த எழுத்துருவிலும் அடிக்க முடியாது.

"புதுசே எடுத்துரு, தவணை இருக்கில்ல"
என்றார் வீட்டுக்காரர்.
அதைச் சொல்லும்போது அவர் உதைத்துக்கொண்டிருந்தது
பதினாலு வருஷத்து வண்டி.
நாலாவது உதையில் கிளம்பியது.

இளமதிக்குக் கவுன்சலிங் அடுத்த வாரம்.
சீட் கிடைத்தால் லேப்டாப் வேண்டும்.
அவள் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.
நான் காலண்டர் பின்பக்கம்
நாற்பத்தெட்டை எழுதிக் கழிக்கும்போதெல்லாம்
குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டு
கழுவிய டம்ளர்களையே
மறுபடி கழுவுகிறாள்.

மூன்றாம் நாள் ஜாபருக்கு போன் செய்தேன்.
"ஐயாயிரத்து இருநூறை அஞ்சாக்கு."
"அக்கா, எனக்கு நிக்காது."
"நூறாவது குறை."
குறைத்தான்.

ஊதித் துடைத்து மாட்டிப் பொத்தானை அமுக்கியதும்
பதினொரு எண்ணுவதற்குள் எழுந்துகொண்டது.
சோதித்துப் பார்க்கக் கைக்கு வந்த கோப்பைத் திறந்தேன்.
அர்த்தநாரி. அறுபத்தி ரெண்டு.
ஏற்றுமதி கொடுத்தேன்.
எழுபத்து மூன்றைப் பார்க்கவே இல்லை,
எப்போது தாண்டியதோ.
அவர் சட்டைப் பையில் பேனா இருந்திருக்கிறது,
இன்றுதான் கவனித்தேன்.

மூடியைப் பூட்டிய பிறகு
மேஜையில் ஒரு திருகாணி மிச்சம்.
"டேய், இது எங்க இருந்ததுடா?"
"தெரியலக்கா. இல்லாமயே ஓடுதே."

ஸ்டேப்ளர் பின் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.
ஆடி முடியட்டும்.