மீதி

மூன்றரைக்கே வெளியே இருட்டியிருக்கும்.
தம்பரேயில் ஜனவரி அப்படித்தான்.
உள்ளே எங்களுக்கு எட்டாவது மணிநேரம்.

யொர்மா ஆறடி தள்ளி
பெட்டிக்குள் முகம் புதைத்திருக்கிறார்.
நூலளவு ரத்தக்குழாய் அவருக்கு
மரக்கிளை போலத் தெரிகிறது.
ரோபோவின் கை
எய்லாவின் தோளில் இடித்தது தெரியவில்லை.

"இழுத்துப் பிடி" என்கிறது ஒலிபெருக்கி.
"இழுத்துப் பிடிக்கிறேன்" என்கிறாள்.
கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், விதி.
வலிக்கிறது என்று யாரும் முதலில் சொல்வதில்லை,
திருப்பிச் சொல்வதற்கு.

இடுக்கியை மாற்றுகிறேன்.
திரையில் எழுத்து: இன்னும் இரண்டு முறை.
அதற்குமேல் அதை வேலை வாங்கமுடியாது,
இயந்திரமே மறுத்துவிடும்.
கொடுத்துவைத்த இடுக்கி.

பஞ்சுத்துணிகளை எண்ணுகிறேன். பத்தொன்பது.
மறுபடியும். பத்தொன்பது.
இருபது இருக்க வேண்டும்.
இன்று முதல்முறையாக
யொர்மா தலையைத் தூக்குகிறார்;
நெற்றியில் பெட்டி பதித்த சிவந்த கோடு.

எய்லாவின் காலணிக்கு அடியில்
ஒட்டிக்கிடந்தது இருபதாவது.
குனிந்து எடுக்கும்போதுதான் பார்த்தேன்,
அவள் முழங்கால் நடுங்குவதை.
அவரும் பார்த்தார்.

"உட்கார், எய்லா."
"உட்காருகிறேன்" என்றாள்,
நின்றபடியே,
இரண்டு கையாலும்
இன்னும் எதையோ இழுத்துப் பிடித்துக்கொண்டு.