கொப்பரைத் தராசு

மருத்துவமனைத் தராசின் முள்
நூற்றைம்பதில் முட்டி நின்றுவிட்டது.
"இதுக்கு மேலே எண் இல்லை, கெலெப்பி" என்ற நர்ஸ்
துறைமுகத்துக்குப் போகச் சொன்னாள்.

அங்கே கொப்பரை நிறுக்கும் பெரிய தராசு,
மூட்டைகள் ஏறித் தேய்ந்த இரும்புத் தட்டு.
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன்,
பலிபீடத்தில் ஏறுகிறவன் போல.
சியுப்பேலி எடைக்கல்லை நகர்த்தி நகர்த்திப் பார்த்து
சீட்டு எழுதினான்: நூற்று எழுபத்தொன்று.
பழக்கதோஷத்தில் பக்கத்தில் விலையும் போட்டான்.
அப்புறம் அடித்தான்.
இரண்டு பேரும் சிரித்தோம்.
நான் கொஞ்சம் முன்னதாக நிறுத்திக்கொண்டேன்.

தராசில் நிறுக்கப்பட்டுக் குறைவாய்ப் போன
ராஜா ஒருவனை வேதத்தில் படித்திருக்கிறேன்.
கூடுதலாய்ப் போனவனுக்கு
எந்தக் கை எழுதும், எந்தச் சுவரில்?

ஜனவரி முதல் வாரம் எங்கள் ஹாப்பாய்த் தீவுகளில்
ஜெப வாரம்.
காலையில் ஜெபம், பந்தி. மாலையில் ஜெபம், பந்தி.
படகு நீளத்துக்கு மேஜை.
தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பிலைக்குள் டின் மாட்டிறைச்சி,
முழுசாய்ச் சுட்ட பன்றிக்குட்டி,
அதன் முதுகில் சாய்ந்தபடி சிவப்புச் சோடா புட்டிகள்.
'வேண்டாம்' என்பது இங்கே வெறும் சொல் அல்ல,
கன்னத்தில் விழுகிற அறை.

நாற்பது நாள் உபவாசத்தைப் பற்றிப் போதகர் பேசினார்,
மூச்சு வாங்கி, நடுவில் உட்கார்ந்து.
எனக்கு உபவாசம் தெரியும்.
மூன்று நாள் வெறும் தண்ணீரில் இருந்திருக்கிறேன்.
ஊர் மெச்சியது.
நானும் மெச்சிக்கொண்டேன்.
நான்காம் நாள் மூன்று நாளையும் சேர்த்துத் தின்றேன்.

ஒன்றுமே வேண்டாம் என்பது எளிது, ஆண்டவரே.
பாதி போதும் என்பதற்குத்தான்
எக்காளம் ஊத ஆள் இல்லை.
சபை பாண்டில் யூபோனியம் ஊதுகிறவன் நான்,
எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் பந்தி அண்ணி லுசேயானே வீட்டில்.
கரண்டி வந்தபோது தட்டைக் கையால் மூடினேன்.
சூடான தேங்காய்ப்பால் விரல்மேல் ஒழுகியது.
யாரும் பேசவில்லை. மின்விசிறி மட்டும்.
அவள் கரண்டியோடு உள்ளே போய்விட்டாள்.

மன்னிப்புக் கேட்கப் பின்னால் போனேன்.
ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்து நின்றிருந்தாள்.
வெண்ணெய் டப்பாவுக்குப் பக்கத்தில் இன்சுலின்.
"ஆறு வருஷம்" என்றாள்.
"பன்றிக்குப் போடும் ஊசி என்று
உன் அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்."
நின்றபடியே ஒரு துண்டு சேப்பங்கிழங்கை எடுத்து
இரண்டாய்ப் பிட்டு எனக்கொன்று தந்தாள்.
பிட்டபோது அவள் தலை குனிந்தது
ஜெபமா, தற்செயலா, கேட்கவில்லை.

நான்காம் நாள் இரண்டு தட்டு தின்றேன்.
அதையும் சொல்லிவிட வேண்டும்.
மன்னாவை நாளைக்கென்று பதுக்கியவர்களுக்குக்
கலயத்தில் புழு பிடித்தது.
நான் வயிற்றுக்குள் பதுக்கினேன்;
கால் கட்டைவிரலில் பிடித்தது.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை மறுபடி துறைமுகம்.
நூற்று அறுபத்தாறு.
சியுப்பேலி மேலும் கீழும் பார்த்தான்.
"காய ஆரம்பித்திருக்கிறாய்.
காய்ந்த கொப்பரைக்குத்தான் விலை."
இந்த முறை விலை போடவில்லை,
சீட்டை மட்டும் கிழித்துத் தந்தான்.

மறுநாள் விடியுமுன் ஆராதனை.
பாட்டின் அந்த நீண்ட ஸ்வரத்தில்
வழக்கமாய் நான் மூச்சு விடும் இடத்தில்
மூச்சு இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.
ஊதினேன்.
வெளியே, பந்திக்கான குழியடுப்பிலிருந்து
புகை ஏறிக்கொண்டிருந்தது.