கோசோங்

மெக்கலிஸ்தர் ரோட்டு முனைக் கடையில்
ஆறே முக்காலுக்கு
நான் சொல்வது ஒரே சொல்: கோசோங்.
சீனி போடாத தேநீருக்கு
இந்த ஊரில் அதுதான் பெயர்.
அவர் தலை நிமிர்வதில்லை.
ஆற்றிய கிளாஸை என் பக்கம் நகர்த்திவிட்டு
"நமக்கு ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி" என்பார்.
தனக்கும் ஒன்று அப்படியே ஊற்றிக்கொள்வார்.
மூன்று வருஷம்.
பெயர் கேட்டதில்லை.

அந்தச் சொல்லுக்கு இன்னொரு வேலையும் உண்டு.
பெர்மிட் முடிந்தவன்,
பாஸ்போர்ட்டை ஏஜெண்டிடம் கொடுத்து
ஏஜெண்டையே தொலைத்தவன்,
லாரிச் சத்தம் கேட்டால் பின்வாசலால் இறங்குகிறவன்
எல்லாருக்கும் அதே பெயர்தான்.
கோசோங்.
உள்ளே ஒன்றும் இல்லாத ஆள்.

பெரிய ஆஸ்பத்திரியில் மூன்றாம் கவுண்டர் என்னுடையது.
தலைக்கு மேல் கட்டணப் பலகை, இரண்டு பத்தி.
என் மாத்திரைக்கு நான் முதல் பத்தியில் ஒரு வெள்ளி கட்டுகிறேன்.
மேசைக் கண்ணாடிக்கு அடியில்
நாங்கள் மட்டும் பார்க்கிற ஒரு சுற்றறிக்கை:
ஆவணம் இல்லாதவர் வந்தால்
இந்த எண்ணுக்குத் தெரிவிக்கவும்.
அந்த எண்ணை மறைத்து
கக் நொரைனி தன் பூனைப் படத்தைச் செருகியிருக்கிறார்.
எதற்கென்று யாரும் கேட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை. எண் 2047.
முதலில் வாடைதான் வந்தது.
இடது காலைச் சுற்றித் தேநீர் வடிகட்டும் துணி,
துணிக்கு மேல் பிளாஸ்டிக் பை.
"பெயர்?"
"சோணைமுத்து."
அடுத்த கட்டம் அடையாள எண்.
அதை நிரப்பாமல் இந்தத் திரை நகராது.
"பாஸ்போர்ட் இருக்கா அண்ணே?"
என் குரல்தான், ஆனால் அலுவலகத்தினுடையது.
அவர் என்னைப் பார்க்கவில்லை.
என் கைக்குப் பக்கத்திலிருந்த தொலைபேசியைப் பார்த்தார்.
"வார்டுல சேக்கணும்னா முன்பணம்
ஆயிரத்து நானூறு வெள்ளி" என்றேன், தணிந்த குரலில்,
தணிந்தால் குறையும் என்பதுபோல.
"டீக்கு நேரமாச்சு" என்றார்.
நம்பர் சீட்டை மடித்து மேசையில் வைத்தார்,
கடையில் நான் சில்லறை வைப்பதுபோல.

தொலைபேசியை நான் எடுக்கவில்லை.
அதை ஒரு நல்ல காரியமென்று
பல இரவு எனக்கே சொல்லிப் பார்த்தேன்.
எழுந்து அவர் பின்னால் போகவும் இல்லை.
வரிசையில் அறுபது பேர்.

மறுநாள் கடையில் அவரேதான்.
கிளாஸ் வந்தது, பேச்சு வரவில்லை.
அதற்கு மறுநாள் அவரும் இல்லை.

திரையில் 2047: வரவில்லை.
மாத அறிக்கையில்
வராதவருக்குப் புண் கிடையாது.
பச்சைக் கோடு ஒன்று அழகாக இறங்கியது.
கூட்டத்தில் கைதட்டினோம். நானும்தான்.

பதினோராம் நாள் ராத்திரி
அவசரப் பிரிவு வாசலில் யாரோ இரண்டு பேர்
ஒருவரை இறக்கிவிட்டு
மோட்டாரை அணைக்காமலே போனார்களாம்.
தள்ளுவண்டி பரமேஸ் சொன்னான்.
"கால்ல டீத்துணிக்கா."
பதிவேட்டில்: பெயர் தெரியாத ஆண்.

மாடிக்குப் போனேன்.
போர்வை முழங்காலோடு தட்டையாகிவிட்டது.
இன்சுலின், ஆண்டிபயாடிக், அறுவை,
முன்பணம் இல்லாமலே எல்லாம் நடந்திருந்தது.
கால்மாட்டில், இல்லாத காலின் பக்கம்,
சீருடையில் ஒருவர் நாற்காலி போட்டு
கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தார்.
தெரிந்தவரா என்றார் மலாயில்.

அன்றைக்குத்தான் அவர் தலை நிமிர்ந்து
என்னை நேராகப் பார்த்தார்.
கழுத்து அசைந்ததா, தலையணை சரிந்ததா,
இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.
தெரியாது என்றேன்.

கடையில் புதுப் பையன்.
கேட்க வேண்டிய எதையும் கேட்காமல்
"சீனி?" என்கிறான்.
அந்த ஒற்றைச் சொல் வாய்க்கு வருவதில்லை.
"சீனி வேண்டாம் தம்பி,
கொஞ்சம்கூடப் போடாதே" என்று
நீட்டி முழக்கிச் சொல்கிறேன்.
பின்னால் நிற்பவர்கள் உச்சுக் கொட்டுகிறார்கள்.