பல்லுக்கு என்று சொல்லியிருக்கிறேன்

கைபேசியில் மூன்று இலக்கங்கள்.
மூன்றையும் பொய்ப்பெயரில் சேமித்தேன்:
தையல்காரி, காஸ்காரன், டியூசன் சேர்.

தையல்காரி என்பது அரசடிப் பக்கம்,
மருந்துக்கடைக்கு மேல்மாடி.
படி வீதியைப் பார்த்திருக்கிறது.
களுவாஞ்சிக்குடியில் எங்கள் வங்கியில்
நகை அடகு வைக்காத சனம் எத்தனை பேர்?
ஆறாவது படியில் ஒருத்தி நிமிர்ந்து
"என்ன மிஸ், இஞ்சால?" என்று கேட்டால்
ஏழாவது படி எனக்கு இல்லை.

காஸ்காரன் கல்முனையில்.
கதவுப் பலகை போதாத அளவுக்குப் பட்டங்கள்.
ஆனால் தவநீதனின் மச்சானுக்குச் சகலன்.
யாருக்கும் சொல்லமாட்டார், தெரியும்.
என்றாலும் ஏதோவொரு கலியாண வீட்டில்
எனக்குப் பாயாசம் ஊற்றுகையில்
ஒரு கரண்டி கூட ஊற்றுவார்.
அதை என்னால் தாங்கேலாது.

மறுகா டியூசன் சேர். கல்லடி, ஒழுங்கைக்குள்.
மூன்று தரம் எடுத்து மூன்று தரம் வெட்டினேன்.
நாலாம் தரம் ஒரு பெண்குரல். றிஸ்மியா என்றார்.
பின்னால் குக்கர் விசிலடித்தது; அது பிடித்திருந்தது.
"ஆருக்கு நேரம் வேணும்?
உங்களுக்கா, வீட்டில வேற ஆருக்குமா?"
தங்கச்சிக்கு என்று சொல்ல வாயெடுத்தேன்.
எனக்குத் தங்கச்சி இல்லை.
"எனக்குத்தான்."
வங்கிக் கழிப்பறையில், குழாயைத் திறந்துவிட்டு,
அந்தச் சொல்லை முதன்முதலாக என் காது கேட்டது.

"வியாழன் நாலரைக்கு வாங்க. அம்பது நிமிசம்.
மூவாயிரம். கஷ்டமெண்டா சொல்லுங்க, பாப்பம்.
நித்திரை எப்பிடி, எப்ப தொடங்கினது எண்டு
கொஞ்சம் எழுதிக்கொண்டு வந்தா நல்லம்.
அழுகை வந்தா அழலாம். வராட்டியும் ஒண்டுமில்ல."

அந்த 'வராட்டியும்' கேட்டுத்தான்
மற்ற இரண்டு இலக்கங்களையும் அழித்தேன்.

வீட்டில் பல்லுக்கு என்று சொல்லியிருக்கிறேன்.
தவநீதன் கராம்பு எண்ணெயோடு வந்து நிற்கிறார்.
எந்தப் பல்லு என்கிறார்.
வாயைத் திறந்து ஒரு நல்ல பல்லைக் காட்டுகிறேன்.
பஞ்சில் தோய்த்து ஒற்றுகிறார், மெதுவாக,
குழந்தைக்குச் செய்வதுபோல.
இப்போது அந்தப் பல் உண்மையிலேயே எரிகிறது.

இரவு. பற்றுச்சீட்டொன்றின் முதுகில் எழுதுகிறேன்.
நித்திரை: இரண்டு மணித்தியாலம், சிலநாள் இரண்டரை.
சாப்பாடு: ஓம்.
எண்ணுதல்: நோட்டுக்கட்டு ஒவ்வொன்றும் ஏழு தரம்,
வீட்டுக்கு வந்தால் மகனின் கொப்பிகள், கதவுத் தாழ்ப்பாள்,
அவர் மூச்சு.
எப்ப தொடங்கினது?
பேனை அங்கே நிற்கிறது.

இந்தக் கரையில் எல்லாருக்கும் ஒரு திகதி உண்டு.
சொன்னால் போதும்,
எதிரே இருப்பவர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.
எனக்கும் உண்டு. எழுதினேன். வெட்டினேன்.
அதற்குப் பிறகு எத்தனையோ வருசம்
கோழி மாதிரி எட்டு மணிக்கே உறங்கியவள் நான்.
இது வந்தது ஒரு வெறும் செவ்வாய்க்கிழமை.
கணக்கு முடிக்கையில் ஐந்நூறு ரூபா குறைந்தது.
பிறகு கிடைத்தது, லாச்சிக்குப் பின்னால் செருகுப்பட்டு.
கிடைத்த பிறகுதான் கை நடுங்கத் தொடங்கியது.
இதையா போய்ச் சொல்வது,
மூவாயிரம் கொடுத்து?

செவ்வாய், ஐந்நூறு, கிடைத்தது என்று எழுதி
நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

வியாழன், பஸ்ஸில் யன்னலோரம்.
உறைக்குள் ஆறு ஐந்நூறு.
ஆரையம்பதிக்கு முன்னரே ஏழு தரம் எண்ணியாயிற்று.
நேரம் இன்னும் மூன்றரைகூட ஆகவில்லை;
ஒழுங்கை வாசலில் எங்கே நிற்பது என்று
ஒருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
கொண்டக்டர் குனிந்து கேட்கிறான்:
"அக்கா, கல்லடியில பாலத்தடியா, அங்கால முன்னுக்கா?"
ஒரு பல்லும் வலிக்காத வாயால்
"முன்னுக்கு" என்கிறேன்.
மீதிச் சில்லறையை எண்ணாமல்
அவன் உள்ளங்கையில் தருகிறான்.
நானும்