வீட்டில் இல்லாத பிரிண்டர்

புந்தா அரேனாஸில் ஜூன் மாதம்.
ஐந்தரைக்கே இருட்டு.
காற்று தகரக் கூரையை
ஆணியோடு பிடுங்கப் பார்க்கிறது.

ஒன்பதானால் ரவுட்டர்
பிள்ளைகளுக்கு வாசலைச் சாத்தும்.
நானே எழுதிய விதி.
தோன்கா டேப்லெட்டைச் சோபாவில் எறிவாள்.
யெர்கோ "யா" என்பான்,
எங்கள் ஊரில் சரிக்கு அதுதான் சொல்.
அந்த "யா"வில் எனக்குச்
சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

இன்று பதிவுகளைத் திறந்தேன்.
நள்ளிரவு தாண்டி இரண்டு பதினேழுக்கு
விழித்திருந்த ஒரே கருவி
பிரிண்டர்.

மை வாங்கியே எங்களை ஓட்டாண்டியாக்கிய அதை
இரண்டு வருஷம் முன்பே
துறைமுகத்துப் பழைய சாமான் கடையில்
தள்ளிவிட்டோம்.

முதலில் சிரித்துவிட்டேன்.
பேரை மாற்றிக்கொண்டு சுவரேறியிருக்கிறான் பயல்.
பிரிண்டர் கால்பந்து பார்த்திருக்கிறது.
பிரிண்டர் டாங்கி ஓட்டிச் சுட்டிருக்கிறது.
பிறகு நான்கு இரவாக
சாந்தியாகோவில் ஏதோ
திக்குவாய்ச் சிகிச்சை நிலையம்.

பதிவு அவ்வளவுதான் சொல்லும்.
எந்தக் கதவைத் தட்டினான் என்று தெரிகிறது.
உள்ளே போய் என்ன கேட்டான்?

சாப்பாட்டு மேசையில் ரொட்டி கேட்கும்போது
முதல் எழுத்திலேயே மாட்டிக்கொள்வான்.
மிச்சச் சொல்லை நானே முடித்துக் கொடுப்பேன்,
எட்டு வருஷமாக.
உதவி என்றிருந்தேன்.

திக்காமல் வருவது
"யா" ஒன்றுதான்.

"ஏதாவது அகப்பட்டதா?" என்றாள் இவானியா
அடுப்புக்கு விறகு வைத்தபடி.
"பிரிண்டர்."
"அதைத்தான் விற்றுவிட்டோமே."

விரல் வெகுநேரம் பொத்தான்மேல் இருந்தது.
டாங்கியை மட்டும் தடுத்தேன்.